வேகத்தைக் குறைத்து ஆடினால் கணக்கில் வராதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை முடிந்து வந்தபின் அரைமணி நேரம் வீடியோ கேம் ஆடுவது என் வழக்கம். இப்போது ‘செலஸ்ட்’ ஆடுகிறேன். மலையேறும் பெண்ணின் கதை. விழுந்து விழுந்து சலித்துப்போய், அதிலேயே உள்ள உதவி வசதியைக் கொண்டு வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்துக்கொண்டேன். அதைப் பார்த்த என் தம்பி, “இதெல்லாம் கணக்கில் வராது அக்கா, கஷ்டமாக இருந்தால்தான் நல்ல கேம்” என்கிறான். விடுமுறை நாளில் எட்டு மணி நேரம் ஆடுபவன் அவன். அவனுக்கும் எனக்கும் பொதுவாக ஒரு கேமின் தரத்தை எப்படி மதிப்பிடுவது?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் இருவருக்கும் தனித்தனி அளவுகோல் தேவையில்லை என்றே நினைக்கிறேன். முதல்முறை ஆடுபவருக்குச் சில நிமிடங்களில் புரிந்துவிடுகிற அதே விதி, பல ஆண்டுகள் ஆடியவருக்கும் தீராமல் இருக்க வேண்டும். இதற்கு, மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கி, இடைவெளியின்றி நிரம்பிய வரிசைகளை அழிக்கும் ‘டெட்ரிஸை’விடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

1984-இல் மாஸ்கோவில் சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்ஸி பஜித்னோவ் அதை உருவாக்கியபோது, அவரிடமிருந்த எலெக்ட்ரோனிகா 60 கணினியில் படம் வரையும் வசதியே கிடையாது. அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டைகளைக் காட்டினார். தரம் என்றதும் கிராஃபிக்ஸைப் பற்றிப் பேசத் தொடங்குபவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். (தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் ‘9999 இன் 1’ என்று அச்சிட்டு விற்ற பிரிக் கேமில் எண்ணிக்கை எதுவானாலும் நாங்கள் ஆடியது இதை மட்டுமே. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி அதில் போட்டதால், எங்கள் வீட்டில் பல நாட்கள் மணி நாலேகாலிலேயே நின்றது.)

டெட்ரிஸின் நுட்பம் மதிப்பெண்ணில் இருக்கிறது. நின்டெண்டோவின் என்இஎஸ் என்ற வீடியோ கேம் கருவிக்கு 1989-இல் வந்த பதிப்பில், தொடக்க லெவலில் ஒரு வரிசையை அழித்தால் 40 புள்ளிகள். நான்கு வரிசைகளை ஒரே அடியில் அழித்தால் 1200. ஒவ்வொன்றாக நான்கு முறை அழித்தால் கிடைப்பதோ வெறும் 160. ஓய்வுக்கு ஆடுபவர் கிடைத்த வரிசையை அழித்து நிம்மதியடைகிறார். தீவிரமாக ஆடுபவரோ ஓரத்து நெடுவரிசையை வேண்டுமென்றே காலியாக விட்டு, மற்ற ஒன்பதையும் நிரப்பிக்கொண்டே போய், நான்கு வரிசைகளையும் ஒரே அடியில் நிரப்பும் அந்த நீளக் கட்டை வருமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். விதி ஒன்றுதான், ஆனால் அதற்குள் இரண்டு ஆட்டங்கள் இருக்கின்றன. அதே பதிப்பின் 29-ஆம் லெவலில் கட்டை மூன்றில் ஒரு நொடியில் தரையைத் தொட்டுவிடும் என்பதால், அதற்குமேல் மனிதரால் ஆட முடியாது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். பின்னர் கன்ட்ரோலரின் முதுகில் விரல்களை வரிசையாகத் தட்டி பட்டனை மிக வேகமாக அழுத்தும் முறையைக் கண்டுபிடித்தார்கள். 2023 டிசம்பரில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் 157-ஆம் லெவல்வரை சென்றதில் கேமே உறைந்து நின்றது.

இனி உங்கள் மலைக்கு வருவோம். கஷ்டம் ஒரு தரம் என்று உங்கள் தம்பி சொல்வதை நான் ஏற்கவில்லை. எதிரியின் உயிரை இருமடங்காக்கினால் எந்தக் கேமும் கஷ்டமாகிவிடும், அதற்குத் திறமை வேண்டியதில்லை. தோற்றவருக்குத் தாம் எங்கே தவறினோம் என்று தெரிகிறதா என்பதையே பார்க்க வேண்டும். 2018-இல் வெளிவந்த ‘செலஸ்ட்’ இதில் மிகுந்த கவனம் எடுத்துக்கொண்ட கேம். பாறை விளிம்பைத் தாண்டிக் கால் அந்தரத்துக்குப் போன பிறகும் ஏறத்தாழ பத்தில் ஒரு நொடிக்கு அது தாவலை ஏற்றுக்கொள்கிறது. தாவும்போது தலை ஒரு மூலையில் மயிரிழையில் இடித்தால், சத்தமில்லாமல் சற்றே நகர்த்தி மேலே விடுகிறது. இச்சலுகைகள் உங்களுக்கும் உண்டு, உங்கள் தம்பிக்கும் உண்டு. ஆடும்போது கேம் அதைச் சொல்லாததால் அவர் அறிந்திருக்க மாட்டார். கையின் தடுமாற்றத்தை மன்னித்து, நோக்கத்தை மட்டும் கணக்கில் எடுப்பதால்தான் விழும்போது நமக்குக் கேம்மீது கோபம் வருவதில்லை. விழுந்தாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் அதே திரையின் தொடக்கத்தில் நிற்கிறோம். ‘உயிர் தீர்ந்துவிட்டது, அரைமணி நேரம் காத்திரு, இல்லையேல் பணம் கட்டு’ என்னும் மொபைல் கேம்களை இதனருகில் வைக்கவே எனக்கு மனம் வரவில்லை.

தம்பிக்கு ஈடான கஷ்டமும் அதற்குள் இருக்கிறது. வழியில் உள்ள ஸ்ட்ராபெரிப் பழங்களை எடுக்காமலே மலையேறிவிடலாம். அவை நண்பர்களிடம் பெருமையடிக்கத்தான் பயன்படும் என்று கேமே சொல்லிவிடுகிறது. இறுதியில் திறக்கும் பொன்னிறப் பழத்தைப் பெற ஒரு அத்தியாயம் முழுவதையும் ஒருமுறைகூட விழாமல் முடிக்க வேண்டும். விழுந்தால் அத்தியாயத்தின் முதல் அடியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். அதை அவர் முயன்று பார்க்கட்டும்.

வேகத்தைக் குறைத்தது கணக்கில் வருமா என்ற கேள்விக்கு உருவாக்கியவர்களே விடை சொல்லியிருக்கிறார்கள். முதலில் அந்த உதவித் திரையில், கஷ்டம் இந்த அனுபவத்துக்கு இன்றியமையாதது, முதல்முறை உதவியின்றி ஆடுவதே நல்லது என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். தேவை இருப்பவர்களை அது சங்கடப்படுத்துகிறது என்று உணர்ந்து பின்னர் அந்த வாசகத்தை மாற்றினார்கள். உங்கள் தம்பி இன்னும் பழைய வாசகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் போலும்.