பச்சைத் தண்ணீரை இறைத்துவிடாதீர்கள்: வீட்டு நீச்சல்குளம் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலையில், கானத்தூர் பக்கம் நீச்சல்குளத்துடன் ஒரு பழைய வீடு வாங்கியிருக்கிறோம். குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். ஆழம் ஒரு பக்கம் 0.9 மீட்டர், மறுபக்கம் 1.8 மீட்டர். மூன்று வருடங்களாக யாரும் பயன்படுத்தவில்லை. தண்ணீர் கரும்பச்சையாக இருக்கிறது, தவளைகள் கத்துகின்றன. முழுக்க இறைத்துவிட்டு ஆசிட் ஊற்றிக் கழுவிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் குளத்தின் சராசரி ஆழம் 1.35 மீட்டர். கொள்ளளவு 8 x 4 x 1.35, அதாவது சுமார் 43,000 லிட்டர். அவ்வளவு தண்ணீரின் எடை 43 டன். அந்த எடைதான் தொட்டியை மண்ணுக்குள் இருத்தி வைத்திருக்கிறது. கடலோரத்தில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும், அதிலும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு இன்னும் ஏறிவிடும். அந்த நேரத்தில் தொட்டியைக் காலி செய்தால், தண்ணீருக்குள் அமுக்கிய காலிக் குடம்போல அடியிலிருந்து மேலே தள்ளப்படும். தரை விரிசல் விடும், டைல்ஸ் பெயரும், பைப் இணைப்புகள் முறியும். அப்புறம் பழுது பார்ப்பதைவிடப் புதுக் குளம் கட்டுவதே மலிவு என்ற நிலை வந்துவிடும். ஆசிட் கழுவலும் டைல்ஸுக்கு நடுவே உள்ள சிமென்ட் கிரவுட்டை அரித்துவிடும்.

விரிசலோ டைல்ஸ் வேலையோ இருந்து காலி செய்தே ஆக வேண்டுமென்றால், கோடையில் செய்யுங்கள். பக்கத்துக் கிணற்றிலோ, தோண்டிப் பார்த்த குழியிலோ நீர்மட்டம் குளத்தின் அடித்தளத்துக்குக் கீழே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மற்றபடி அந்தப் பச்சைத் தண்ணீரையே சுத்தம் செய்துவிடலாம். ஆனால் கெமிக்கல் வாங்கப் போவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பம்ப் ரூம் எர்த்திங்கைச் சோதிக்கச் சொல்லுங்கள், மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். குளத்துக்குள் இருக்கும் லைட் 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத்தான் எரிய வேண்டும். இந்த வேலை முடியும்வரை யாரும் தண்ணீரில் கை வைக்க வேண்டாம்.

பிறகு நீளக் கம்பில் ஆழமான வலையை மாட்டி, அடியில் கிடக்கும் இலையையும் சேற்றையும் வாரி எடுங்கள். மேல்மட்டக் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மரின் மூடியைத் திறக்கும்போது கையை உள்ளே விடாதீர்கள், குச்சியால் கிளறுங்கள். பாம்பு சுருண்டு கிடக்கப் பிடித்த இடம் அது. இலையை எவ்வளவு எடுக்கிறீர்களோ அவ்வளவு குளோரின் மிச்சம். சேற்றை அப்படியே விட்டுவிட்டு மருந்து போட்டால், எவ்வளவு கொட்டினாலும் அதுவே தின்றுவிடும்.

கேள்வி: எந்தக் குளோரின், எவ்வளவு போட வேண்டும்? கடையில் மாத்திரை, பவுடர், கேனில் திரவம், பிளீச்சிங் பவுடர் என்று நாலைந்து வகை சொல்கிறார்கள்.

பதில்: மேலே சொன்ன 43,000 லிட்டர் குளத்தையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். அதில் குளோரினை 1 பிபிஎம் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) உயர்த்த 43 கிராம் சுத்தக் குளோரின் தேவை. 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் பவுடராக இருந்தால் 66 கிராம். 10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவமாக இருந்தால் 430 மில்லி.

எவ்வளவு பிபிஎம் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது சயனூரிக் ஆசிட். வெயிலில் குளோரின் சிதையாமல் காக்கும் ஸ்டெபிலைசர் அது. இது 30 பிபிஎம் இருந்தால், பாசியைக் கொல்ல 12 பிபிஎம் குளோரின் வேண்டும். 50 இருந்தால் 20. ஆகவே 12 பிபிஎம்முக்கு 800 கிராம் பவுடர், அல்லது 5 லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் திரவம். பாசி ஒழிப்புக்கு நாங்கள் பரிந்துரைப்பது திரவம்தான். பவுடரில் கால்சியம் உண்டு. நம் போர்வெல் தண்ணீர் ஏற்கெனவே உப்பும் சுண்ணாம்புமாக இருக்கிறது, அதில் இன்னும் கால்சியம் சேர்ப்பானேன்? திரவம் வெயிலில் நாளாக ஆக வீரியம் இழக்கும். அதனால் புதிய சரக்காக, ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள்.

மாத்திரை என்பது டிசிசிஏ 90, அதாவது சயனூரிக் ஆசிட்டோடு சேர்ந்த குளோரின். தினசரிப் பராமரிப்புக்கு ஓரளவு சரி, பாசி ஒழிக்க ஆகாது. அதில் ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினோடும் சுமார் 6 பிபிஎம் சயனூரிக் ஆசிட் சேர்ந்து ஏறும். அது 100 தாண்டிவிட்டால், குளோரின் இருந்தும் சரியாக வேலை செய்யாது. அதைக் குறைக்க ஒரு பகுதித் தண்ணீரை மாற்றுவதைத் தவிர வீட்டில் வேறு நல்ல வழி இல்லை. சாதாரண பிளீச்சிங் பவுடரில் குளோரின் சுமார் 30 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் சுண்ணாம்பு. வேறு கிடைக்காவிட்டால் வாளியில் கரைத்துத் தெளிய விட்டு, மேல்தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள்.

எதைப் போடுவதற்கு முன்னும், தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் அளவை 7.2க்குக் கொண்டுவாருங்கள். குளோரின் 10 தாண்டிய பிறகு பிஹெச் சோதனைச் சொட்டு மருந்து தப்பான நிறம் காட்டும். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை ஒரு தடவைக்கு 250 மில்லி என்று, பம்ப் ஓடும்போது நீர் திரும்பி வரும் வாயருகே ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். பிஹெச்சை நிலையாக வைத்திருக்கும் ஆல்கலினிட்டி 80 பிபிஎம்முக்குக் கீழே இருந்தால் சமையல் சோடா போதும். இந்தக் குளத்தில் 10 பிபிஎம் ஏற்ற சுமார் 720 கிராம்.

முதல் தடவை குளம் மீட்கிறவர்கள் சறுக்குவது இதற்கு அடுத்த கட்டத்தில். ஒரே நாளில் ஒரு கேனைக் கொட்டிவிட்டு, மறுநாள் பச்சை திரும்பியதும் மருந்து சரியில்லை என்பார்கள். பாசி குளோரினைத் தின்றுகொண்டே இருக்கும், அதனால் 12 பிபிஎம்மை விடாமல் அங்கேயே பிடித்து வைக்க வேண்டும். பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து, குறைந்ததை நிரப்புங்கள். நாளுக்கு ஒருமுறை சுவர், படி, மூலைகளை பிரஷ்ஷால் தேயுங்கள். சோதனைக் குழாயில் சிவப்பு ஒரு நொடி தெரிந்து உடனே வெளுத்தால், குளோரின் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். குளோரின் மிக அதிகமானதால்தான் சாயம் வெளுக்கிறது. அப்போது பாட்டில் தண்ணீரைச் சரிபாதி கலந்து அளந்து, வந்த எண்ணை இரண்டால் பெருக்குங்கள்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. டிசிசிஏவும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் ஒரே வாளியில், ஒரே கரண்டியில் கூடச் சேரக் கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கும். ஆசிட்டும் குளோரினும் சேர்ந்தால் விஷவாயு. எப்போதும் தண்ணீரில்தான் மருந்தைப் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

கேள்வி: பச்சை போய்விட்டது. ஆனால் ஒரு வாரமாகத் தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுத்தே கிடக்கிறது. சாண்ட் ஃபில்டர் நாள் முழுக்க ஓடுகிறது.

பதில்: அது செத்த பாசி. இனி குளோரின் அளவைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஃபில்டரைக் கவனிக்க வேண்டும். தண்ணீரை எதிர்ப்பக்கமாக ஓடவிட்டு மணலில் சேர்ந்த அழுக்கை வெளியேற்றும் பேக்வாஷ் முடிந்ததும் பிரஷர் கேஜ் காட்டும் அளவை மார்க்கரால் ஃபில்டர் மேலேயே எழுதி வையுங்கள். அது 12 பிஎஸ்ஐ என்றால், 20ஐத் தாண்டும்போது அடுத்த பேக்வாஷ். கண்ணாடிக் குமிழில் தண்ணீர் தெளியும்வரை, இரண்டு மூன்று நிமிடம். பிறகு அரை நிமிடம் ரின்ஸ். பம்ப் ஓடும்போது ஃபில்டரில் தண்ணீர் போகும் வழியை மாற்றும் மல்டிபோர்ட் வால்வின் கைப்பிடியைத் திருப்பவே கூடாது. உள்ளே இருக்கும் கேஸ்கெட் கிழிந்து, அழுக்குத் தண்ணீர் நேராகக் குளத்துக்கே திரும்பும்.

பிரஷர் ஏறவே இல்லையென்றால் மணலில் கோளாறு. மூடியைத் திறந்து கையை விட்டுப் பாருங்கள். கடினத் தண்ணீரால் மணல் கட்டிதட்டி, தண்ணீர் நடுவில் ஒரு ஓட்டை போட்டுக்கொண்டு அதன் வழியே போயிருக்கும். ஐந்து முதல் ஏழு வருடத்துக்கு ஒருமுறை மணலை மாற்றியே ஆக வேண்டும். ஆற்று மணல் உதவாது, 0.5 முதல் 1 மி.மீ. வரையிலான சிலிக்கா மணல் வேண்டும். எத்தனை கிலோ என்பது ஃபில்டர் லேபிளிலேயே இருக்கும். கொட்டுவதற்கு முன் ஃபில்டர் தொட்டியில் பாதிவரை தண்ணீர் நிரப்புங்கள், இல்லாவிட்டால் அடியிலுள்ள பிளாஸ்டிக் விரல்கள் மணல் விழும் வேகத்தில் உடையும். அவை உடைந்ததற்கு அடையாளம், குளத்துக்குள் மணல் வந்து விழுவது.

கேள்வி: போர்வெல் தண்ணீர் தெளிவாகத்தான் வருகிறது. குளோரின் போட்டதும் டீ நிறமாகிவிடுகிறது.

பதில்: தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு. நிரப்பும் முன்பே ஒரு வெள்ளை வாளியில் பிடித்து, சில சொட்டு குளோரின் விட்டு அரை மணி நேரம் பாருங்கள். நிறம் மாறினால், சம்ப்பில் குளோரின் கலந்து இரும்பைப் படிய வைத்து, மேல்தண்ணீரை மட்டும் குளத்துக்கு ஏற்றுங்கள்.

கேள்வி: பாசி வராமலிருக்கத் தோட்டக்காரர் மாதாமாதம் மயில்துத்தம் போடுகிறார். பரவாயில்லையா?

பதில்: நிறுத்தச் சொல்லுங்கள். மயில்துத்தத்தில் இருப்பது தாமிரம், கிருமியைக் கொல்லும் குளோரினுக்கு அது மாற்றாகாது. வெள்ளை டைல்ஸில் நீலப்பச்சைக் கறை படியும், நரைத்த தலைமுடி பச்சை பிடிக்கும்.

கேள்வி: தினமும் ஒரு அங்குலம் தண்ணீர் குறைகிறது. வெயில்தான் காரணம் என்கிறார்கள்.

பதில்: நல்ல கோடையிலும் நாளுக்கு 6 முதல் 8 மி.மீ.தான் ஆவியாகும். ஒரு அங்குலம் என்பது 25 மி.மீ. ஒரு வாளியைப் படியில் வைத்து, உள்ளே செங்கல் போட்டு, குளத்து மட்டத்துக்கே தண்ணீர் நிரப்பி இரண்டு மட்டங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பம்ப்பை நிறுத்தியும், அடுத்த நாள் ஓடவிட்டும் பாருங்கள். வாளியைவிடக் குளம் அதிகம் இறங்கினால் கசிவு. பம்ப் ஓடும்போது மட்டும் அதிகம் இறங்கினால் திரும்பி வரும் பைப்பைச் சந்தேகப்படுங்கள். மட்டம் ஓரிடத்தில் வந்து தானாக நின்றுவிட்டால், ஓட்டை அந்த உயரத்தில்தான். ஸ்கிம்மரின் பிளாஸ்டிக் கழுத்து கான்கிரீட்டோடு சேரும் இடம், லைட் ஒயர் போகும் குழாய் வாய், இரண்டையும் முதலில் பாருங்கள். பம்ப்பை நிறுத்தி, ஊசி இல்லாத சிரிஞ்சில் ஃபுட் கலர் எடுத்து விரிசலருகே மெல்ல விட்டால், ஓட்டை இருக்கும் பக்கம் சாயம் இழுபடுவது கண்ணுக்கே தெரியும்.

கேள்வி: பிள்ளைகளை எப்போது இறக்கலாம்?

பதில்: ஆழமான பக்கத்தில் அடியிலிருந்து பம்ப் தண்ணீரை இழுக்கும் மெயின் டிரெயின் மூடியின் ஓட்டைகள் கரையிலிருந்தே தெளிவாகத் தெரிய வேண்டும். இரவு அளந்த குளோரின் விடியற்காலையில் 1 பிபிஎம்முக்கு மேல் குறையாமல் இருக்க வேண்டும். அழுக்கோடு சேர்ந்து வீரியம் இழந்த கம்பைண்டு குளோரின் 0.5 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது. மூன்றும் சரியென்றால் பாசி ஒழிந்தது. பிறகு குளோரினைத் தானாக இறங்கவிடுங்கள். சயனூரிக் ஆசிட் 30 உள்ள குளத்தில் 3, 4 பிபிஎம்மில் இறங்கலாம். சுற்றிலும் 1.2 மீட்டர் வேலியும், தானாக மூடிக்கொள்ளும் கதவும் போடாமல் சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் குளத்தை நிரப்பியே வைக்காதீர்கள்.

அந்த டிரெயின் மூடியையும் சோதியுங்கள். பழைய குளங்களில் தட்டையான மூடி, துருப்பிடித்த ஸ்க்ரூ, ஒரே ஒரு டிரெயின் என்றுதான் இருக்கும். மூடி கழன்றால் பம்ப்பின் இழுவை குழந்தையின் தலைமுடியையோ கையையோ பிடித்துக்கொள்ளும், பெரியவர்களால்கூட விடுவிக்க முடியாது. மேடாக வளைந்த, பாதுகாப்பு வகை மூடியை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவால் பொருத்துங்கள். அது வரும்வரை பம்ப் ஓடும்போது யாரையும் தண்ணீரில் இறக்காதீர்கள்.