வான்சாக்கோவும் ஒலுவிலும்

ஐயா,

பெரு நாட்டின் பாலைவனக் கரையில் அலைச்சறுக்கில் ஈடுபடுவோரைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். மனம் ஒப்பவில்லை. ஒலுவிலில் துறைமுகம் கட்டிய பிறகு எங்கள் அம்பாறை மாவட்டக் கரையைக் கடல் தின்றுவருகிறது. தென்னைகள் வேரோடு சாய்கின்றன. தோணியை ஏற்றி வைக்கவும் இடமில்லை. அப்படியிருக்க, வசதியுள்ளவர்கள் பலகையில் நின்று விளையாடுவதற்கு இவ்வளவு பக்கங்கள் எதற்கு?

வாசகர் ஒருவர், ஒலுவில்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் நீங்கள் வேறு வேறாகப் பார்க்கும் இரண்டும் ஒரே விடயம் என்றே நான் நம்புகிறேன்.

வட பெருவில் த்ருகியோ நகருக்கு அருகிலுள்ள வான்சாக்கோ, மழையை அரிதாகவே காணும் கரை. குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் அந்தக் கடலுக்கு மீனைக் கொடுத்து, நிலத்துக்கு மழையை இல்லாமல் செய்கிறது. அங்கே முதலில் அலையேறியவர்கள் மீனவர்கள். தோத்தோரா என்ற கோரையைக் கட்டுக்கட்டாகப் பிணைத்து, முனை மேல்நோக்கி வளைந்த ஒடுங்கிய கலமொன்றைச் செய்து, பிளந்த மூங்கிலைத் துடுப்பாகக் கொண்டு வலையோடு கடலுக்குப் போய், திரும்பும்போது அலையின் மீதே சறுக்கிக் கரையேறுகிறார்கள். பண்டைய மோச்சே மக்களின் மட்பாண்டங்களிலும் இத்தகைய கலங்களைக் காணலாம். நீர் ஊறிய கலத்தை மணலில் செங்குத்தாக நிறுத்தி வெயிலில் காயவைப்பார்கள். கோரை வளர்வதோ, நிலத்தடி நீர் தட்டுப்படும்வரை கடற்கரையோரமாகத் தோண்டிய பள்ளங்களில்.

அந்த ஊருக்குத் தெற்கே சலவெரி துறைமுகம் இருக்கிறது. கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை அதன் அலைதடுப்புச் சுவர் மறித்ததால், வடக்கேயுள்ள கடற்கரைகள் மெலிந்து, கோரைப் பள்ளங்கள்வரை கடல் நெருங்கிவிட்டது. 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் அடைப்பதையும், அதற்கு வடக்கே நிந்தவூர்ப் பக்கம்வரை கரை அரிக்கப்படுவதையும் நேரில் பார்க்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பெருவில் நடந்த இன்னொன்றுக்காகவே அந்தக் கட்டுரையை எழுதினேன். தலைநகர் லீமாவின் லா எர்ராதுரா கடற்கரையில் 1980களில் வீதி அமைக்கப் பாறையைத் தகர்த்தபோது, புகழ்பெற்ற ஓர் அலை கெட்டுப்போனது. அலை என்பது அடிநிலத்தின் வடிவம். கல் விழுந்தாலும் மணல் விலகினாலும் அது மாறிவிடும். அதை அன்றாடம் கண்டவர்கள் அலைச்சறுக்கு வீரர்கள்தாம். அவர்களுடைய நெடுநாள் வற்புறுத்தலால் 2000ஆம் ஆண்டு பெரு அரசு அலைகளைப் பாதுகாக்கும் சட்டத்தை இயற்றி, அலைகளின் பதிவேட்டைக் கடற்படையிடம் ஒப்படைத்தது. அந்தப் பதிவேட்டில் 2016இல் முதலில் இடம்பெற்றது வட பெருவின் சிக்காமா என்ற இடத்து அலை. அதுவும் பாலைவனக் கரைதான்.

இனி நமது உல்லைக்கு, அதாவது அறுகம்பைக்கு வருவோம். சித்திரை, வைகாசி தொடக்கம் ஐப்பசிவரை தென்கடலிலிருந்து வரும் நெடிய அலைகள் அறுகம்பை முனையைச் சுற்றி வளைந்து குடாவுக்குள் விழுகின்றன. தரையிலிருந்து வீசும் கச்சான் காற்று அவற்றின் முகத்தை நிமிர்த்திப் பிடிக்கிறது. அந்த அலையில் இன்று பொத்துவில், பாணமைப் பக்கத்துப் பொடியன்களும், அண்மைக் காலமாகப் பெண்பிள்ளைகளும் ஏறுகிறார்கள். அதை வசதியுள்ளவர்களின் விளையாட்டு என்று ஒதுக்க என்னால் முடியாது. ஒரு பருவத்தின் வருமானம் முழுவதும் அந்த அலையை நம்பியிருக்கும் வீடுகள் அங்கே உண்டு.

1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், நிலப்பக்கம் 300 மீற்றரையும் கடற்பக்கம் 2 கிலோமீற்றரையும் கரையோர வலயமாக வரையறுக்கிறது. உல்லை அலையும் ஒலுவில் மணலும் அந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன. இனி இந்த மாவட்டக் கரையில் சுவர் ஒன்று எழுவதற்கு முன், மணல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று மீனவரிடமும் அலையேறுபவரிடமும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் எனக் கோரி ஒரு மனு எழுதலாம் என்றிருக்கிறேன். உங்கள் ஊர் மீனவர் சங்கமும் உல்லைப் பிள்ளைகளும் ஒரே தாளில் ஒப்பமிட வேண்டும் என்பது என் விருப்பம். சங்கத்தாரிடம் பேசிவிட்டு எனக்கு எழுதுங்கள்.