உளவியலாளர்கள் மனித நடத்தையை எப்படிச் சோதித்து அறிகிறார்கள்? கேள்வி கேட்டு மனதை அளக்க முடியுமா?

நான் உளவியலாளன் இல்லை. போர் முடிந்து, சனங்கள் மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பிய காலத்தில் வன்னியில் மல்லாவிப் பக்கம் ஒரு மனநல ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பியவன். ஏன் அப்படிக் கேட்கிறோம் என்று அறியும் ஆவலில் பிறகு கொஞ்சம் வாசித்தேன். அந்த அளவில்தான் இந்தப் பதில்.

முதல் கிழமையே ஒரு தறப்பாள் கொட்டிலில் மாட்டிக்கொண்டேன். "கடந்த இரண்டு கிழமைகளில் நித்திரை வராமல் கஷ்டப்பட்டீர்களா? ஒருபோதும் இல்லை, சிலவேளை, அடிக்கடி, எப்போதும்" என்று வாசித்தேன். ஆச்சி படிவத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, எதிலை புள்ளடி போட்டால் வீட்டுத்திட்டம் வரும்?" என்றார். அவரில் பிழையில்லை. அப்போது படிவத்தோடு வந்தவர்கள் பெரும்பாலும் நிவாரணத்துக்குப் பதியத்தான் வந்தார்கள். அடுத்த வளவு ஐயாவோ நேர்மாறு. "எங்களுக்கு ஒரு குறையும் இல்லைத் தம்பி" என்று எல்லாவற்றுக்கும் முதல் கட்டத்தையே காட்டினார். முன்பின் தெரியாதவனிடம் வாயைக் கொடுக்கப் பயம். இரண்டு பேரின் பதிலும் கணினிக்குள் போனால் வெறும் எண்தான்.

இந்தத் துறையின் பெரிய தலையிடி இதுதான். இரணைமடுவில் நீர்மட்டத்தை அளந்தால், அளக்கிறார்களே என்று குளம் ஏறி இறங்காது. மனிதர் மாறிவிடுவார். அதனால் நல்ல சோதனைகள் பலவற்றில் ஆளிடம் நேரே கேட்பதில்லை, என்ன செய்கிறார் என்றுதான் பார்ப்பார்கள். "ஆபத்தில் இருப்பவருக்கு உதவுவீர்களா?" என்று கேட்டால் யார் இல்லை என்பார்? டார்லி, லத்தானே என்ற இருவர் 1968இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்களைத் தனித்தனி அறைகளில் இருத்தி இன்டர்கொம்மில் கதைக்க வைத்தார்கள். நடுவில் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோல் சத்தம் கேட்கும். அது முன்பே பதிவு செய்த குரல். தான் மட்டுமே கேட்கிறேன் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தச் சத்தம் முடியுமுன்பே உதவி தேடி வெளியே வந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். மாற்றியது ஒன்றே ஒன்று: எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற நினைப்பு. மற்றதெல்லாம் அப்படியே. உயர்தரத்தில் 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' படித்தவர்களுக்கு இது புரிந்திருக்கும்.

சரி, ஒரு சிகிச்சை பலிக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? எங்கள் பகுதியில் பெண்களின் பின்னேர ஒன்றுகூடல் ஒன்று நடந்தது. வந்தவர்கள் வராதவர்களை விடத் தெளிவாக இருந்தார்கள். ஒன்றுகூடல்தான் காரணம் என்று நானும் நம்பினேன். ஆனால் எழும்பி, தலை இழுத்து, ஒரு கட்டை தூரம் நடந்து வரக்கூடியவர்கள்தானே வந்தார்கள்? முடங்கிக் கிடந்தவர் வரவே இல்லை. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் யார் எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள். சுனாமிக்குப் பின் வடகிழக்கில் அப்படி ஓர் ஆய்வு நடந்தது. 31 பிள்ளைகள். ஒரு பகுதியினருக்குத் தங்கள் கதையை முழுதாகச் சொல்ல வைக்கும் சிகிச்சை, மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும், ஆளுக்கு ஆறு அமர்வுகள். ஆறு மாதத்தின் பின் முதல் குழுவில் 81 சதவீதமும் மற்றதில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள். 31 பேரில் இந்த இடைவெளி பெரிதல்ல. ஒன்றும் கொடுக்காத மூன்றாவது குழு இல்லாததால், காலம்தான் ஆற்றியதா என்ற கேள்வியும் மிச்சம். ஆனால் அந்த நேரத்தில் அப்படி ஒரு குழுவை வைக்க யாருக்கு மனம் வரும்? எனக்கு வராது.

சொல்லும் சும்மா இல்லை. 1974இல் லொஃப்டஸ், பாமர் இருவரும் மாணவர்களுக்குக் கார் விபத்துத் திரைப்படத் துண்டுகளைக் காட்டிக் கார்களின் வேகத்தைக் கேட்டார்கள். கார்கள் 'நொறுங்க மோதியபோது' என்று கேட்டால் சராசரி மணிக்குச் சுமார் 41 மைல், 'தொட்டபோது' என்று கேட்டால் சுமார் 32. இதை வாசித்தபோது எங்கள் படிவம்தான் நினைவுக்கு வந்தது. ஆங்கிலத்திலிருந்து வந்த கேள்வி அது. "மனச்சோர்வு உள்ளதா?" என்றால் சனம் முழிக்கும். "யோசினை கூடவோ?" என்றால் கதை கொட்டும். ஆனால் இரண்டும் ஒரே கேள்வியா? அதற்காகத்தான் மொழிபெயர்த்ததை இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

பெயர்பெற்ற சோதனைகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம். 2015இல் நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்ததில், மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டித்தான் பழைய முடிவு மறுபடி கிடைத்தது. பிழையைத் தாங்களே தேடி வெளியே சொன்னார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்புறம், எண்ணே இல்லாத முறையும் உண்டு. வன்னியின் கூட்டு மனவடுவைப் பற்றி எழுதிய யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், சனங்களின் வாய்மொழியையும் பொதுவில் நடந்ததையும் சேர்த்துத்தான் எழுதினார். எங்கள் சனம் துக்கத்தை உடம்பால் சொல்லும், பெருமூச்சாக.

அந்த ஆச்சியும் ஒவ்வொரு கேள்விக்கும் முன் பெருமூச்சு விட்டார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். தரவு ஏற்றிய பிள்ளை அதை என்ன செய்வதென்று என்னிடமே கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.