குஞ்சு கீழ கெடக்கு, என்னா செய்றது? கேட்டவங்களுக்கு பதில்

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்துல, எலி புடிக்கறதுக்காக ஆந்தைங்க தங்க வச்சிருக்கற பெட்டிங்கள பாத்துக்கற ஆளு நான். ஆளாளுக்கு தனித்தனியா கேக்குறீங்க, மொத்தமா இங்கயே சொல்லிடுறேன்.

கேள்வி: அண்ணே, வாசல் பூச்சட்டில மெர்பா (புல்புல்) குருவி கூடு கட்டிருக்கு, ஒரு குஞ்சு கீழ விழுந்துருச்சு, கண்ணு கூட தொறக்கல. தொட்டா தாய் சேத்துக்காதுன்னு மாமியார் தொட விட மாட்றாங்க.

பதில்: மாமியார் கோச்சுக்க வேணாம், ஆனா அது உண்மை இல்ல தங்கச்சி. மனுச வாடைக்காக குருவி குஞ்ச விட்டுட்டு போயிடாது. ஜில்லுன்னு இருந்தா மொதல்ல உள்ளங்கையில பொத்தி சூடாக்கிட்டு கூட்டுலயே வச்சிடுங்க. கூடு பிஞ்சு போயிருந்தா ஐஸ்கிரீம் டப்பாவுக்கு அடியில ஓட்ட போட்டு, நம்ம ஊரு மழைக்கு ஓட்ட இல்லன்னா குஞ்சு முங்கிடும், காஞ்ச புல்லு வச்சு அதே எடத்துல கட்டிட்டு உள்ள போயிடுங்க. பக்கத்துலயே நின்னுகிட்டு தாய் வரலயேன்னா எப்படி வரும்? ஜன்னல் வழியா ஒரு ரெண்டு மணி நேரம் பாருங்க.

கேள்வி: மைனா குஞ்சு, றெக்க மொளச்சிருக்கு, வால் குட்டையா இருக்கு, பறக்காம தத்துது. வீட்டுக்கு கொண்டு போகவா?

பதில்: வேணாம்பா. அது பறக்கப் பழகுது, தாயும் தகப்பனும் தரையிலயே வந்து ஊட்டும். ரோட்டோரமா இருந்தா செடி மேல ஏத்தி விடு, போதும்.

கேள்வி: பாலும் ரொட்டியும் குடுக்கலாமா?

பதில்: ரெண்டும் கூடாது, பறவைக்கு பால் செரிக்காது. வாயில தண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க, மூச்சுக்குழா ஓட்ட நாக்குக்குப் பின்னாடியே இருக்கு, நேரா நுரையீரலுக்கு போயி செத்துடும்.

கேள்வி: செம்பனக் குல வெட்டுற எடத்துல பெட்டி ஒடஞ்சு ஆந்தக் குஞ்சு நாலு கெடக்கு, ஒன்னு பெருசு ஒன்னு பொடிசு, வேற கூட்டுதா? கிட்ட போனா பாம்பு மாரி சீறுது.

பதில்: மண்டோரே, நாலும் ஒரே கூடுதான். மொத முட்ட போட்டதுமே தாய் அடைக்கு ஒக்காந்துடும், அடுத்தடுத்த முட்ட நாள் தள்ளித்தான் பொரிக்கும், அதான் சைஸ் வித்தியாசம். சீறுறது பயத்துல. தடிச்ச கையொற போட்டு எடுத்து, பெட்டிய சரி பண்ணி திருப்பி வச்சிடுங்க, ராத்திரி தாய் வரும். சாக்குருவின்னு கல்லெறியறவங்கள தயவுசெஞ்சு வெரட்டுங்க, எலி புடிக்கத்தானே தோட்டத்துல பெட்டியே வச்சிருக்கு. இன்னொன்னு, குஞ்சு வாயிலயோ மூக்குலயோ ரத்தம் இருந்தா எலி மருந்து தின்ன எலிய தாய் ஊட்டிருக்கலாம், அத தூக்கி வைக்காம பெர்ஹிலித்தானுக்கு (வனவிலங்கு இலாகா) போன் போடுங்க.

கேள்வி: குஞ்ச பூன கவ்விட்டு விட்டுருச்சு, காயமே தெரியல அங்கிள்.

பதில்: காயம் தெரியலன்னாலும் அன்னைக்கே மிருக டாக்டர்கிட்ட போயிடணும், பூன எச்சில்ல இருக்குற கிருமி ரத்தத்துல ஏறிடும், மருந்து லேட்டானா பொழைக்காது. ஓட்ட போட்ட அட்டப்பெட்டியில துணி போட்டு மூடி, இருட்டா சத்தமில்லாம வச்சு கொண்டு போங்க. நல்லானதும் நானே வளக்கிறேன்னு ஆரம்பிக்காதீங்க, 2010 வனவிலங்குச் சட்டத்துல பல பறவைய பெர்மிட் இல்லாம வச்சிருக்க முடியாது. பூனைய ஒரு ரெண்டு வாரம் வீட்டுக்குள்ள பூட்டி வைங்க, கூட்டுல இன்னும் குஞ்சு இருக்கும்.