பெயர் நகரத்துக்கா, நிலத்துக்கா?

கேள்வி: மெல்பர்னை 'நார்ம்' என்றும் பிரிஸ்பேனை 'மீயன்ஜின்' என்றும் எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். வெள்ளையர் வந்து கட்டிய நகரங்கள்தானே இவை? அதற்கு முன் இல்லாத ஊருக்குப் பழங்குடிப் பெயர் எங்கிருந்து வந்தது? (வாசகர், மெல்பர்ன்)

பதில்: 'மெல்பர்ன்' மட்டும் அந்த மண்ணில் விளைந்த பெயரா? 1837-ல் ஆளுநர் பர்க், அன்றைய பிரிட்டிஷ் பிரதமரின் பட்டப்பெயரை எடுத்து வைத்தார். அந்தப் பிரபு அந்த மண்ணை மிதித்ததே இல்லை. பரமட்டா, வொலங்கொங், ஜீலாங் என்ற ஆஸ்திரேலிய ஊர்ப்பெயர்கள் எல்லாம் பழங்குடி மொழிகளிலிருந்து வந்தவைதாம். தினமும் சொல்கிறோம், யாருக்கும் உறுத்துவதில்லை.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தப் பெயர்கள் நிலத்துக்கு உரியவை. இன்றைய மாநகராட்சி எல்லையோடு அவை பொருந்தா. நார்ம் என்பது போர்ட் ஃபிலிப் விரிகுடாவையும் அதை ஒட்டிய நிலத்தையும் குறித்த சொல். மீயன்ஜின் என்பது பிரிஸ்பேன் ஆற்று வளைவில், இன்றைய கார்டன்ஸ் பாயின்ட் இருக்கும் கூரிய நிலமுனை. சிட்னி முழுவதற்கும் ஒரே பெயர் கிடையாது. அங்கே சிலர் எழுதும் 'கடிகல்' ஊரின் பெயரே அன்று, ஒரு குலத்தின் பெயர்; சிட்னியின் மேற்கே பரமட்டா பக்கம் வசிப்பவர் அதை எழுதினால் தவறு. மெல்பர்னிலேயே 2021 ஜூலை 1 முதல் இரு பழங்குடிகளின் நில எல்லைக்கோடு நகரின் குறுக்கே ஓடுகிறது: நகர மையமும் ரிச்மண்டும் வுருண்ட்ஜெரி மக்களுடையவை, செயின்ட் கில்டா புனுரோங் மக்களுடையது. விழா மேடையில் அந்த நிலத்தின் பழங்குடியினர் பெயரைச் சொல்லி வணங்குமுன் மண்டபம் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தபாலில் எழுதவும் தடை இல்லை. பெறுநர் பெயருக்கு அடுத்த வரியில் பழங்குடிப் பெயர், அதன்கீழ் கதவு எண்ணும் தெருவும், கடைசி வரியில் புறநகர், மாநிலம், அஞ்சல் எண். 'மெல்பர்ன் விஐசி 3000' என்று இருக்க வேண்டிய கடைசி வரியில் 'நார்ம்' என்று மட்டும் எழுதினால் கடிதம் தடுமாறும்.

உச்சரிப்பில்தான் நமக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை வீணாக்குகிறோம். 1993-ல் 'ஏயர்ஸ் ராக் / உலுரு' என்று இரட்டைப் பெயர் பெற்ற நடு ஆஸ்திரேலியக் குன்றுக்கு 2002-ல் வரிசை மாறி உலுரு முன்னே வந்தது. அப்பகுதிப் பழங்குடியினரின் பிட்ஜன்ஜாரா மொழியில் அந்தச் சொல்லை எழுதும்போது 'ஆர்' எழுத்தின் அடியில் ஒரு கோடு போடுவார்கள். நாக்கை மடித்து ஒலிக்க வேண்டும் என்பதற்கான குறி அது. ஆங்கிலத்தில் பலர் அந்தக் கோட்டை விட்டுவிடுகிறார்கள். நாமும் அதைப் பார்த்து 'ரு' போடுகிறோம். அந்த ஒலிக்கு மிக நெருக்கமானது நம் ழகரம். அழுத்தம் முதல் அசையில் விழும். அடுத்த இதழ் முதல் இந்தப் பக்கத்தில் 'உலுழு' என்றே அச்சாகும்.