புரிக்குழலில் சில்லு ரவை

கேள்வி: என்னிடம் இருப்பது குழலின் முன்வாய் வழியாகக் கருமருந்து கிட்டிக்கும் ரைபிள். குண்டுக்குப் பதில் சில்லு ரவை (ஒரே வெடியில் பறக்கும் பொடி உருண்டைகள்) போட்டுக் கினிக்கோழி சுடலாமா?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: போடலாம், ஆனால் கோழி உங்களைப் பார்த்துச் சிரிக்கும். குழலின் உள்ளே திருகுபோல் வெட்டியிருக்கும் புரி, ரவைக் கூட்டத்தையும் சேர்த்துச் சுழற்றிவிடுவதால், வெளியே வந்ததும் அது நாலாபக்கமும் சிதறி, நடுவில் ஓட்டை விழுந்த வடை மாதிரிப் பரவும், பறவை அந்த ஓட்டைக்குள்ளேதான் நிற்கும்! 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற வேகமான புரியில் இது மோசம். 66 அங்குலத்துக்கு ஒன்று என்றால் கொஞ்சம் தேவலை. ரவையைப் பொதிந்து போடும் பிளாஸ்டிக் கிண்ணம் புரியைக் கவ்விக்கொள்வதால் அதுவும் கைகொடுக்காது. எதற்கும் முதலில் அட்டையில் சுட்டுப் பாருங்கள், அதுவும் பத்துப் பதினைந்து கஜத்தில். மருந்தளவு கையேட்டில் உள்ளபடிதான். அப்புறம், இந்தத் துப்பாக்கிக்கு இங்கே தென்னாப்பிரிக்காவில் லைசென்ஸ் வேண்டாம் என்றாலும் தகுதிச் சான்றிதழ் கட்டாயம்.