சிலுவையிலிருந்து இறங்காதவர்

அன்புள்ள ஐயா,

நான் கடலூர் முதுநகரில் வசிக்கிறேன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக ஆற்காடு லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தது. என் தம்பிக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துபோய், மூன்று ஆண்டுகள் டயாலிசிஸில் இருந்தான். வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலைப் பேருந்தில் அவனைப் புதுச்சேரிக்கு அழைத்து வருவேன். சென்ற ஆண்டு ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்கு அவனை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். "அவருடைய தழும்புகளால் குணமானீர்கள்" என்ற வசனத்தை வாசித்த ஊழியக்காரர், அவன் தலையில் கைவைத்து ஜெபித்து, சுகம் கிடைத்துவிட்டது, இனி விசுவாசித்து நடந்தால் போதும் என்றார். அதை நம்பி அவன் அடுத்த டயாலிசிஸுக்கு வர மறுத்துவிட்டான். மூச்சுத்திணறி, நள்ளிரவில் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். அன்று பிழைத்தான். ஐந்து மாதம் கழித்து மாரடைப்பில் போய்விட்டான். அவனுக்கு வயது 31. துக்கம் விசாரிக்க வந்த அதே ஊழியக்காரர், வீட்டில் யாருக்கோ விசுவாசக் குறைவு இருந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெரிய வெள்ளி வருகிறது. சிலுவையைப் பார்த்தாலே எனக்கு அந்த வசனம்தான் நினைவுக்கு வருகிறது. சிலுவையில் சுகம் இருக்கிறது என்றால் என் தம்பிக்கு அது ஏன் கிடைக்கவில்லை? இல்லையென்றால் நான் எதை நம்பி அன்று மூன்று மணி நேரம் நடக்கும் அந்த மும்மணி ஆராதனைக்குப் போக வேண்டும்?

பெயர் வேண்டாம், கடலூர் முதுநகர்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாட்கள் ஆகின்றன. அவசரமாக எதையும் எழுதிவிடக் கூடாது என்றுதான் தாமதித்தேன். உங்கள் அனுமதியுடன் இதை வெளியிடக் காரணம், இதே கேள்வியைக் கேட்கத் துணியாமல் மனத்துக்குள் வைத்துப் புழுங்குகிற வேறு வீடுகளும் இந்தக் கடற்கரையில் இருக்கின்றன என்பதே. நான் புதுச்சேரியில் கத்தோலிக்க மரபில் வளர்ந்தவன். எனினும் பெரும்பாலும் உங்கள் வீட்டு வேதாகமத்தின் சொற்களிலேயே பேச முயல்கிறேன். துக்கத்தில் இருப்பவருக்குப் பழகிய சொற்களே காதில் விழும்.

முதலில் உங்கள் குற்றவுணர்ச்சியைப் பற்றிப் பேச வேண்டும். சிறுநீரகம் செயலிழந்தவரின் உடலில் ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் நீரும் பொட்டாசியமும் சேர்ந்துகொண்டே போகும். நீர் நுரையீரலில் தேங்கினால் மூச்சு முட்டும், பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே குலைந்துவிடும். ஆகவே ஒருமுறை தவறுவதும் ஆபத்தானது. அதைத் தவறவிடும்படியான நம்பிக்கையை ஒரு நோயாளிக்குக் கொடுப்பது, யார் பெயரால் கொடுத்தாலும், பெரும் தவறு. இதைப் படிக்கும் எவரும் ஜெபத்தின் பெயரால் சிகிச்சையை நிறுத்த வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் டயாலிசிஸில் இருப்பவர்களின் மரணத்துக்கு இதயநோயே முதன்மையான காரணமாக இருக்கிறது என்பதும் மருத்துவர்கள் நன்கறிந்த உண்மை. ஒருமுறைகூடத் தவறாமல் வந்தவர்களும் அப்படி இறக்கிறார்கள். ஐந்து மாதம் கழித்து நின்றுபோன இதயத்துக்கான பொறுப்பை அந்த ஒரு நாளின்மீது ஏற்றி, அதை உங்கள் தலையில் வைத்துக்கொள்ள இடமில்லை. மூன்று ஆண்டுகள் விடியற்காலைப் பேருந்தில் கூட வந்தவர் நீங்கள்தானே.

இனி அந்த ஊழியக்காரரின் சொல்லுக்கு வருகிறேன். விசுவாசம் குறைவாக இருந்தால்தான் ஜெபம் கேட்கப்படாமல் போகும் என்பது விதியானால், அந்த விதியை முதலில் கெத்செமனே தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். "அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும், இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்று இயேசு அங்கே முகங்குப்புற விழுந்து வேண்டுகிறார். எல்லாம் உம்மாலே கூடும் என்பதைவிட முழுமையான விசுவாச அறிக்கை ஒன்று உண்டா? பாத்திரம், அதாவது அவர்முன் இருந்த பாடு, எடுக்கப்படவில்லை. விடிவதற்குள் அவரைக் கட்டி இழுத்துப் போனார்கள். அந்தத் தோட்டத்தில் யாருக்கு விசுவாசக் குறைவு என்று கேட்க எவருக்காவது நா எழுமா? திருத்தூதர் பவுலும் தம் மாம்சத்தில் இருந்த முள் நீங்க வேண்டும் என்று மூன்றுமுறை வேண்டினார். கிருபை உனக்குப் போதும் என்ற பதில் வந்தது, முள் அப்படியே இருந்தது. தம்முடன் ஊழியம் செய்த துரோப்பீமுவை மிலேத்து நகரில் நோயாளியாகவே விட்டுவந்ததாகவும் அவர் எழுதுகிறார். அதற்காக அவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எழுதக் கடினமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. மாற்கு எழுதிய நற்செய்தியில், சிலுவையின் அடியில் நின்றவர்கள் "மற்றவர்களை இரட்சித்தான், தன்னைத்தான் இரட்சித்துக்கொள்ளத் திராணியில்லை" என்கிறார்கள், நாங்கள் கண்டு விசுவாசிக்கும்படி இப்போது இறங்கி வரட்டும் என்கிறார்கள். கடவுள் உன்னோடு இருந்தால் வலி உன்னைவிட்டு நீங்கியிருக்கும், நீங்கவில்லை என்றால் அவர் உன்னோடு இல்லை என்பதுதான் அவர்களுடைய கணக்கு. உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்த ஊழியக்காரர் சொன்னதும், அவர் அறிந்தோ அறியாமலோ, அதே கணக்குதான். சிலுவையில் இருந்தவர் அந்தக் கணக்குக்குப் பதில் சொல்லவுமில்லை, அதற்காக இறங்கி வரவுமில்லை. உங்கள் திருச்சபையின் ஆதி ஆசிரியரான மார்ட்டின் லுத்தர் 1518ஆம் ஆண்டு ஹைடல்பர்க் நகரில் வைத்த வாதங்களில், மகிமையை மட்டும் நாடும் இறையியல் தீமையை நன்மை என்றும் நன்மையைத் தீமை என்றும் அழைக்கும், சிலுவையின் இறையியலோ உள்ளதை உள்ளபடி அழைக்கும் என்றார். உங்கள் தம்பி இறந்தது இழப்பு. அதை அப்படியே அழைக்க உங்களுக்கு உரிமை உண்டு, அதில் விசுவாசத் துரோகம் ஏதுமில்லை.

அப்படியானால் தழும்புகளால் குணமானீர்கள் என்ற அந்த வசனம் பொய்யா என்று கேட்பீர்கள். அது யாருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். பேதுருவின் முதல் நிருபம், இரண்டாம் அதிகாரம், 24ஆம் வசனம். ஆறு வசனம் முன்னால் போனால், பேசப்படுகிறவர்கள் யார் என்று தெரிந்துவிடும்: வேலைக்காரர்கள், அதாவது ரோமப் பேரரசின் வீட்டு அடிமைகள். முரட்டுக்குணமுள்ள எஜமான்களிடம் குற்றமில்லாமல் அடிபடுகிறவர்கள். உங்கள் வேதாகமம் தழும்பு என்கிறது, எங்கள் பொது மொழிபெயர்ப்பு காயம் என்கிறது. மூலத்தில் உள்ள மோலோப்ஸ் என்ற கிரேக்கச் சொல்லோ, அடி விழுந்த இடத்தில் கன்றித் தடித்து எழுகிற தடத்தைக் குறிப்பது. முதுகில் அந்தத் தடம் இருந்த மனிதர்களிடம், உங்களைப் போலவே முதுகில் தடம் வாங்கிய ஒருவரால் நீங்கள் குணமானீர்கள் என்று அந்த நிருபம் சொல்கிறது. அடுத்த வேளை அடி விழாது என்ற உறுதி அதில் இல்லை. ஆனால் அடிபட்ட உடம்பு இழிந்தது, கடவுளால் கைவிடப்பட்டது என்று அவர்களுடைய உலகம் சொன்ன தீர்ப்பு அங்கே ரத்தாகிறது. பாவத்துக்கு இறந்து நீதிக்குப் பிழைக்கிறவர்களாக, சிதறிப்போய் மேய்ப்பரிடம் திரும்பிவந்த ஆடுகளாக அவர்கள் நிமிர்கிறார்கள். (இதே பகுதியைக் காட்டி, அடியை வாங்கிக்கொண்டு பொறுத்திரு என்று பெண்களுக்கும் ஒடுக்கப்பட்டவர்களுக்கும் போதித்தவர்கள் உண்டு. அந்தப் போதனையோடு எனக்கு எந்த உடன்பாடும் இல்லை.) உடல்நோய் நீங்குவது சிலுவைச் செய்திக்குப் புறம்பானது என்றும் நான் சொல்லவில்லை. பேதுருவின் அந்த வசனத்துக்கு மூலமான ஏசாயாவின் 53ஆம் அதிகாரத்தை மத்தேயு மேற்கோள் காட்டுவது இயேசு நோயாளிகளைச் சுகப்படுத்திய மாலைப்பொழுதில்தான். சுகம் கேட்டு ஜெபிப்பது சரி. கிடைக்காதவரைக் குற்றவாளியாக்குவதற்குத்தான் அந்த வசனத்தில் இடமில்லை.

புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றைப் போல எங்களுக்கும் பிரான்சில் உறவினர் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அவர்களைப் பார்க்கப் போனபோது, அல்சாஸ் பகுதியில் உள்ள கோல்மார் நகரின் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார்கள். மத்தியாஸ் குரூனவால்ட் 1512க்கும் 1516க்கும் இடையில் வரைந்த பீட ஓவியம் அங்கே இருக்கிறது. நம் ஊர்க் கோயில்களில் உள்ள சிலுவைச் சொரூபங்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, அதன் முன் முதலில் நிற்கவே முடியவில்லை. விரல்கள் வலியில் விறைத்து விரிந்திருக்கின்றன. தோல் பச்சை பாய்ந்து, உடல் முழுதும் முள் தைத்த புண்களாக இருக்கிறது.

பிறகுதான் அதன் கதையைக் கேட்டேன். அது முதலில் இருந்தது ஈசன்ஹைம் என்ற ஊரின் மடத்தில். அங்கிருந்த துறவிகள் வனத்து அந்தோனியார் பெயரால் ஒரு மருத்துவமனை நடத்தினார்கள். அக்காலத்தில் கோதுமையைப் போன்ற ரை என்ற தானியத்தில் ஒருவகைப் பூஞ்சை பிடித்து, அந்த மாவில் சுட்ட ரொட்டியை உண்ட ஏழைகளுக்கு உடம்பெல்லாம் நெருப்பாக எரியும்; கைகால்கள் கறுத்து அழுகும்; பலருக்கு வெட்டி எடுக்க வேண்டிவரும். அந்தோனியார் நெருப்பு என்று அதை அழைத்தார்கள். காரணம் அறியப்படாத அந்த நோயில் மடத்துக்கு வந்தவர்களை இந்த ஓவியத்தின் முன் கொண்டுவந்தார்கள். தன் உடம்பில் உள்ளதைப் போன்ற புண்களை ஒரு நோயாளி ஆண்டவரின் உடம்பில் கண்டிருப்பார். துறவிகள் அதோடு நிறுத்தவில்லை. நல்ல ரொட்டி கொடுத்தார்கள், மூலிகைக் களிம்பு பூசினார்கள், தேவைப்பட்டால் அறுவை செய்தார்கள். ஓவியமும் களிம்பும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் கூரைதான். டயாலிசிஸ் இயந்திரத்தோடு நான்கு மணி நேரம் பிணைக்கப்பட்டிருந்த உங்கள் தம்பியின் கையில் ஊசி ஏறிய இடமெல்லாம் புடைத்திருந்திருக்கும். அந்தக் கையை ஆண்டவர் அறியாதவரல்லர்.

நமக்கு அருகிலேயே ஒருவர் இருந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ் 1954ஆம் ஆண்டு ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். நடை திரும்பவில்லை. ஆனால் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை நிமிர்த்தும் அறுவை சிகிச்சைகளைச் செய்தார். தம்மைப் போல் முடங்கியவர்களுக்காக 1966இல் அங்கே ஒரு மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமாக இருந்தார். அவரைக் குணமானவர் என்பதா, ஆகாதவர் என்பதா? நான் அவரைக் குணமானவர் என்றே சொல்வேன். சுகம் என்ற சொல்லை நாம் எவ்வளவு சிறிதாக்கி வைத்திருக்கிறோம் என்று அவரை நினைக்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

ஆனால் மேரி வர்கீஸ் உயிரோடு இருந்தார், என் தம்பி இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். அந்த இடத்தில் உயிர்த்தெழுதலைத் தவிர என்னிடம் வேறு விடை இல்லை. அதை நான் உவமையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே நம்புகிறேன். உயிர்த்தவர் சீடர்களிடம் வந்தபோது கைகளையும் விலாவையும் காட்டினார். எட்டு நாள் கழித்து, நம் மயிலையில் அடக்கம் செய்யப்பட்டவர் என்று மரபு சொல்லும் தோமாவிடம், கையை நீட்டி என் விலாவிலே போடு என்றார். கல்லறையையே திறந்தவருக்கு அந்தக் காயங்களை மறைப்பது அரிதான காரியமா? அவர் மறைக்கவில்லை, அவற்றைக் கொண்டே தம்மை அடையாளம் காட்டினார். ஆகவே உங்கள் தம்பி பட்ட பாடு ஒன்றும் நடக்காததுபோல் துடைக்கப்பட்டுவிடும் என்று நான் நம்பவில்லை. அவர் அவராகவே, கையில் அந்த ஊசித்தடங்களோடு, அவற்றின் வலி இல்லாதவராக, அடையாளம் காணத்தக்கவராக இருப்பார் என்று நம்புகிறேன்.

மும்மணி ஆராதனைக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். போக முடியாவிட்டால் இந்த ஆண்டு போக வேண்டாம். அதற்காக யாரும் உங்களை எடைபோட வேண்டியதில்லை. போவதானால், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் நான்காவது வார்த்தையின் நேரத்துக்கு மட்டும் போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது உங்கள் கேள்வியேதான். அது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. "நான் பகலிலே கூப்பிடுகிறேன், உத்தரவுகொடீர்" என்று அந்தச் சங்கீதம் தொடர்கிறது. பாட வராவிட்டால் அதை மெதுவாக வாசியுங்கள், அழுகை வந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். உபத்திரவப்பட்டவனை அவர் அருவருக்கவில்லை, அவன் கூப்பிட்டபோது கேட்டருளினார் என்ற 24ஆம் வசனம் வரை அன்றே போய்ச் சேர வேண்டும் என்பதில்லை. அடுத்த ஆண்டு போகலாம், அதற்கடுத்த ஆண்டும் போகலாம்.

பெரிய வெள்ளி மாலை நாங்கள் புதுச்சேரியின் சம்பா கோயிலில், இயேசு சிலுவை சுமந்து போன வழியை நிலை நிலையாக நினைத்து வேண்டும் சிலுவைப்பாதை செய்வோம். ஐந்தாம் நிலையில், வயலிலிருந்து வந்துகொண்டிருந்த சிரேனே ஊரானாகிய சீமோனைப் பிடித்து இயேசுவின் சிலுவையைச் சுமக்க வைப்பார்கள். எத்தனையோ ஆண்டுகளாக அந்த நிலையில் முழங்காலிட்டிருக்கிறேன். இந்த முறை என் கண்முன் நிற்கப்போவது, விடியற்காலையில் கடலூர்ப் பேருந்தில் தம்பியின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்த ஓர் அக்காள். இறந்தோருக்காக மன்றாடுவது உங்கள் திருச்சபை வழக்கமல்ல என்பதை அறிவேன். அதனால் உங்களுக்காகவே மன்றாடுகிறேன். உங்கள் பெயர் வேண்டாம். மனமிருந்தால், தம்பியின் பெயரை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
புதுச்சேரி